நெல்லித்தோப்பு மாடி டிபன் கடை: வடகறிக்கு நாலு ஸ்டார், கொசுவுக்கு ஒண்ணு கட்

ரெண்டு வருஷமா வாரா வாரம் போய் சாப்பிடுற கடைக்கு ஒரு ரிவ்யூ கூட போடலையேன்னு போன வியாழக்கிழமை கடைக்கார அண்ணனே கேட்டுட்டாரு. "எது எதுக்கோ ராத்திரி பூரா உக்காந்து பக்கம் பக்கமா டைப் அடிக்கிறீங்க டாக்டரம்மா, நம்ம கடைக்கு நாலு வரி எழுதக் கூடாதா"ன்னு. கேட்ட விதத்துல எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதனால இது. நாலு வரில முடியாது, முன்னாடியே சொல்லிடறேன். சாப்பாடு எப்படின்னு மட்டும் தெரியணும்னா அடுத்த ரெண்டு பாரா படிச்சுட்டு கிளம்பலாம்.

கடைக்குப் பேரு இருக்கு, ஆனா போர்டுல பெயின்ட் உதுந்து கடைசி மூணு எழுத்துதான் மிச்சம், அதை வச்சு மேப்ல தேடினா வேற எங்கயோ கொண்டு போய் விடும். புதுச்சேரி நெல்லித்தோப்பு சிக்னல் தாண்டி உள்ள போற தெருவுல, சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேல மாடி. படி வெளிப்பக்கமா இருக்கும், மழை பேஞ்சா வழுக்கும், பாத்து ஏறுங்க. கீழ டீ மட்டும், மேல டிபன். சாயங்காலம் 5 மணிக்குத் திறந்தா ராத்திரி 12, சில நாள் அதுக்கு மேலயும். பஸ் ஸ்டாண்ட்ல இருந்து நடந்தே வரலாம், கடலூர்ல இருந்து வர்றவங்களுக்கு அது ஒரு சவுகரியம் (நான் மஞ்சக்குப்பம், அதனால இது எனக்கு முக்கியமான பாயின்ட்).

கல் தோசை 20 ரூபா, வடகறி 30. இந்த ரெண்டும்தான் கடையே. தோசை ஊத்துற அக்கா பாதி வெங்காயத்தை எண்ணெய்ல தொட்டு கல்லுல ஒரு சுத்து தேய்ச்சு, தண்ணி தெளிச்சு, விளக்குமாத்தால ஒரு இழு இழுத்து, அப்புறம்தான் மாவு ஊத்துவாங்க, ஊத்தினப்புறம் கரண்டியால ஒரே ஒரு சுத்து, அதுக்கு மேல தொடவே மாட்டாங்க. ஓரம் மட்டும் லேசா செவந்து நடுவுல பஞ்சு மாதிரி வரும். வடகறிக்கு நிறைய கடைல காலைல மிஞ்சின மசால் வடையை உதுத்துப் போட்டுடுவாங்க, இங்க கடலைப்பருப்பை அரைச்சு இட்லித் தட்டுல ஆவில வேக வச்சு உதுக்குறாங்க, அதனால எண்ணெய் குடிக்காம சோம்பு வாசனை தனியா தெரியும். பரோட்டா 15, சால்னா சுமார்தான், ஒன்பதரைக்கு மேல தீந்துடும். சாம்பார் பத்தி பேச வேண்டாம், அது சாம்பார்னு அண்ணன் சொல்றதால நம்புறோம். சுக்கு காபி கேட்டு வாங்கிக் குடிங்க, போர்டுல இருக்காது.

சரி இப்ப மீதி கதை. நாங்க யாருன்னு சொல்லணும், இல்லன்னா வியாழக்கிழமை ஜன்னல் பக்க பெரிய மேஜையில உக்காந்து பேப்பர்ல கோடு போட்டு கத்திக்கிட்டு இருக்கற கும்பல் யாருன்னு உங்களுக்குப் புரியாது. டாக்டருக்குப் படிச்சுட்டு அதோட ஆராய்ச்சியும் பண்ற ஆளுங்க நாங்க. சிலர் எம்.டி. முடிச்சுட்டு பிஎச்.டி, நான் அந்த வகை. சிலர் எம்.டி. படிச்சுக்கிட்டே தீசிஸை கொஞ்சம் சீரியஸா எடுத்துக்கிட்டவங்க. ஒரு சர்ஜரி அண்ணன். எம்.பி.பி.எஸ். படிக்கிற ஒரு பையன், ஐசிஎம்ஆர், அதான் மருத்துவ ஆராய்ச்சிக்கான மத்திய அரசு அமைப்பு, குடுக்கற ரெண்டு மாச ஸ்டூடன்ட்ஷிப் (அது 1979ல இருந்து இருக்கற ஸ்கீம்) பண்ணிட்டு அந்த ருசி விடாம எங்க கூட ஒட்டிக்கிட்டான். டாக்டர் இல்லாத ஒரே ஆள் பூச்சியியல்ல பிஎச்.டி. பண்ற தம்பி, அவனை எல்லாரும் கொசு தம்பின்னுதான் கூப்பிடுவோம். எல்லாம் நாலு வேற வேற காலேஜ், புதுச்சேரியும் சுத்துவட்டாரமும்.

இந்த ரெட்டைக் குதிரை சவாரில பெரிய கஷ்டம் என்னன்னா படிப்பு இல்ல, தனிமை. வார்டுல "இவங்க லேப் ஆளுப்பா, டியூட்டிக்கு எல்லாம் சரிப்பட மாட்டாங்க"ம்பாங்க. லேப்ல போனா "டாக்டருக்கு என்ன, போர் அடிச்சா கிளினிக் போட்டு உக்காந்துடுவாங்க, நமக்குத்தான் இதுவே பொழப்பு"ம்பாங்க. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, அதுதான் இன்னும் கடுப்பு. வீட்டுல வேற கணக்கு. எம்.பி.பி.எஸ். அஞ்சரை வருஷம், எம்.டி. மூணு வருஷம், நடுவுல நீட் பிஜிக்கு உக்காந்தது ஒரு வருஷம், அதுக்கு மேல பிஎச்.டி. குறைஞ்சது மூணு வருஷம், யாருக்கும் மூணுல முடியறது இல்ல. எங்க அத்தை ஒவ்வொரு பொங்கலுக்கும் "இன்னுமா படிக்கிற"ன்னு கேக்குறாங்க, கூடப் படிச்ச பொண்ணு நெல்லிக்குப்பத்துல சொந்த ஆஸ்பத்திரி கட்டி கிரகப்பிரவேசமே முடிஞ்சுடுச்சு.

இது நம்ம ஊர் பிரச்சினை மட்டும் இல்ல. அமெரிக்காவுல டாக்டர் பட்டத்தையும் பிஎச்.டி.யையும் சேத்துப் படிக்கவே 1964ல அரசாங்கப் பணத்துல ஒரு ப்ரோக்ராம் ஆரம்பிச்சு மூணு யுனிவர்சிட்டில தொடங்கினாங்க. பதினஞ்சு வருஷம் கழிச்சு, 1979ல, வைன்கார்டன்னு ஒரு பெரிய டாக்டர், ஆராய்ச்சி பண்ற டாக்டருங்க அழிஞ்சு வர்ற இனம்னு தலைப்பு வச்சே கட்டுரை எழுதினாரு. காசும் திட்டமும் இருந்த இடத்துலயே அந்த நிலைமை. எங்க டேபிள்ல அந்த கட்டுரையைப் பத்தி பேச்சு வந்தப்ப சர்ஜரி அண்ணன் "அப்ப நாம எல்லாம் வண்டலூர்ல இருக்க வேண்டியவங்க"ன்னாரு.

முதல்ல நாங்க இந்தக் கடைக்கு வரல. 2023ல ஒரு சீனியர் அக்கா வாட்ஸப் க்ரூப் ஆரம்பிச்சாங்க. அறுபத்து சொச்சம் பேரு சேந்தாங்க. முதல் வாரம் எல்லாரும் கை தட்டினாங்க, ரெண்டாவது வாரம் ஒருத்தர் காலை வணக்கம் ரோஜாப்பூ போட்டாரு, ஒரு மாசத்துல கான்ஃபரன்ஸ் நோட்டீஸும் பிறந்தநாள் கேக்கும்தான். அப்புறம் ஒரு காலேஜ்ல செமினார் ஹால் வாங்கி மீட்டிங் வச்சோம். முன் வரிசையில பெரிய சார்ங்க உக்காந்துட்டாங்க, ஆதரவுக்குத்தான் வந்தாங்க, தப்பு சொல்ல முடியாது, ஆனா ஹெச்ஓடி எதிர்ல நின்னுக்கிட்டு எவன் வாயைத் திறந்து என் எக்ஸ்பெரிமென்ட் ஆறு மாசமா வேலை செய்யலன்னு சொல்லுவான்? எல்லாரும் ஆளுக்கு பத்து ஸ்லைடு போட்டு "ப்ராமிசிங்கா இருக்கு"ன்னு சொல்லிட்டு சமோசா சாப்பிட்டு கிளம்பிட்டோம். அதுக்கு அப்புறம் பீச் பக்கம் பிரெஞ்சு தெருல ஒரு காஃபி ஷாப். அழகா இருந்துச்சு, போட்டோ எல்லாம் எடுத்தோம். பில்லு வந்தப்ப எம்.பி.பி.எஸ். பையன் மூஞ்சி போன போக்கைப் பாத்துட்டு இனிமே இங்க வேண்டாம்னு முடிவு. அது போக பத்து மணிக்கே சேரை எடுத்துக் கவுத்துடுறாங்க, நம்ம டியூட்டி முடியறதே அப்பத்தான்.

இந்தக் கடையைக் கண்டுபிடிச்சது தற்செயல். ஒரு வியாழக்கிழமை மழைக்கு ஒதுங்கினோம் நாலு பேரு. பதினொரு மணி வரைக்கும் உக்காந்திருந்தோம், அண்ணன் ஒரு தடவை கூட "வேற என்ன வேணும்"னு கேட்டு எழுப்பல. ஒரு டீயோட ஒன்றரை மணி நேரம். சர்வீஸ்ல அஞ்சுக்கு அஞ்சு குடுக்கறதுன்னா நான் இதுக்குத்தான் குடுப்பேன். மறு வியாழன் அதே மேஜை காலியா இருந்துச்சு, அதுக்கு அடுத்த வியாழன் அவரே தண்ணி ஜக்கு வச்சு ரெடியா வச்சிருந்தாரு. அவ்வளவுதான், நாங்க கூட்டம் எதுவும் கூட்டல, ஃபார்ம் எதுவும் நிரப்பல, தலைவர் செயலாளர் கிடையாது. வர்றவன் வரலாம். எட்டரைக்கு ஓபி முடிச்சு வர்றவனும் பதினொன்னே காலுக்கு எமர்ஜென்சி முடிச்சு வர்றவனும் வந்தா மேஜைல யாராவது ரெண்டு பேரு இருப்பாங்கன்னு நம்பி வரலாம்.

ஒரே ஒரு பழக்கம் மட்டும் தானா வந்துடுச்சு. தோசை வர்றதுக்குள்ள ஆளாளுக்கு இந்த வாரம் என்ன சொதப்பல்னு சொல்லணும். சாதனை எல்லாம் அப்புறம், அதுவும் கேட்டாத்தான். மைக்ரோபயாலஜி அக்கா ஒரு நாள் எலைசா ப்ளேட்ல (ரத்தத்துல நோய்க்கான அடையாளம் இருந்தா நிறம் மாறிக் காட்டற டெஸ்ட்) 96 குழியும் மஞ்சளா வந்ததைப் போன்ல காட்டினாங்க, நோயாளி, நோய் இல்லாதவங்க, வெறும் தண்ணி எல்லாமே மஞ்சள், பொங்கலுக்கு வச்ச மஞ்சக்கொத்து மாதிரி. கழுவுற ஸ்டெப்ல மெஷின் ஒரு சுத்து விட்டுப் போயிருக்கு. மூணு மாசம் கழிச்சு எனக்கு அதே மாதிரி வந்தப்ப நான் அழலை, நேரா போய் வாஷர் நாசிலைத்தான் பாத்தேன். சொல்லப் போனா என் பிஎச்.டி.ல உருப்படியா கத்துக்கிட்ட பாதி விஷயம் இந்த மேஜைல அடுத்தவங்க சொதப்பினது. ஒருத்தன் ட்ரையலை சிடிஆர்ஐ-ல (நோயாளிங்களை வச்சுப் பண்ற ட்ரையலை எல்லாம் பதியற அரசாங்கப் பதிவேடு) ரிஜிஸ்டர் பண்ணாமலே முதல் பேஷண்டை எடுக்கப் பாத்தான், முதல் ஆளை எடுக்கறதுக்கு முன்னாடியே ரிஜிஸ்டர் ஆகியிருக்கணும்ங்கறது அவனுக்கு யாரும் சொல்லல, கைடுக்கு நேரம் இல்ல. வடகறில தோசையை முக்கிக்கிட்டே சீனியர் அக்கா சொன்னாங்க, தப்பிச்சான்.

இப்ப கடையோட நிஜமான சேவை ஒண்ணு சொல்றேன், மெனுல இல்லாதது. ஆராய்ச்சில நோயாளியைச் சேக்கணும்னா அவங்களுக்குப் புரியற மொழில எழுதிக் குடுத்து, படிச்சுக் காட்டி, சம்மதம் வாங்கணும், அதை எத்திக்ஸ் கமிட்டி பாத்து ஓகே பண்ணணும். பீடியாட்ரிக்ஸ் படிக்கிற ஒருத்தி தமிழ்ல அந்த ஃபார்மை எழுதி ரெண்டு தடவை திரும்பி வந்துடுச்சு. மூஞ்சைத் தொங்கப் போட்டு உக்காந்திருந்தா. அக்கா தோசைக்கல்ல இருந்து எட்டிப் பாத்து என்ன பாப்பான்னு கேட்டாங்க. இவ சும்மா படிச்சுக் காட்டினா. "தங்கள் குழந்தை சீரற்ற முறையில் இரு குழுக்களில் ஒன்றிற்கு ஒதுக்கப்படும்."

அக்கா கேட்டாங்க, "சீர் இல்லாமயா? பாத்துப் பண்ண மாட்டீங்களா புள்ளைய?"

மேஜையே அமைதி. அப்புறம் இவ விளக்கினா, ரெண்டு மருந்து இருக்கு, எது நல்லதுன்னு இன்னும் தெரியாது, யாருக்கு எதுன்னு டாக்டர் முடிவு பண்ணக் கூடாது, கம்ப்யூட்டர் முடிவு பண்ணும்னு. "சீட்டு குலுக்கிப் போடுற மாதிரியா? அதை அப்படியே எழுத வேண்டியதுதான"ன்னுட்டு அக்கா அடுத்த தோசைக்கு வெங்காயத்தைத் தொட்டாங்க. "சீட்டுக் குலுக்கிப் போடுவது போல" அப்படின்னே எழுதிக் குடுத்தா, பாஸ் ஆயிடுச்சு. அதுல இருந்து எங்க எட்டு பேரோட ஃபார்மும் அக்கா காதுல விழாம கமிட்டிக்குப் போறது இல்ல. "பக்கவிளைவு" ஓகே, "எதிர்விளைவு" ஓகே இல்ல, "தரவு" சுத்தமா ஓகே இல்ல, "உங்களைப் பத்தி எழுதி வைக்கிற விவரம்"னு போடச் சொன்னாங்க. பத்தாவது படிச்சவங்க. எங்க காலேஜ்ல இப்படி ஒரு ரிவ்யூவர் எனக்குக் கிடைச்சதே இல்ல.

அண்ணன் பக்கம் வேற ஒரு கதை. அவங்க அம்மாவுக்கு யானைக்கால். வலது கால், ரொம்ப வருஷமா. கடைக்குப் பின்னாடி ரூம்ல நாற்காலில உக்காந்து வெங்காயம் உரிப்பாங்க. கொசு தம்பி ஃபைலேரியா, அதான் யானைக்கால் நோய், பத்தித்தான் வேலை பண்றான்னு தெரிஞ்சதும் அண்ணன் ஒரு நாள் மேஜைல வந்து உக்காந்துட்டாரு, முதல் தடவையா. சின்ன வயசுல ராத்திரி பத்து மணிக்கு மேல லைட் எடுத்துக்கிட்டு ஆளுங்க வந்து தூங்கற புள்ளைங்களை எழுப்பி விரல்ல குத்தி ரத்தம் எடுப்பாங்களாம், பகல்ல வந்தா என்ன, ஏன் ராத்திரி வந்து உயிரை எடுத்தாங்கன்னு கேட்டாரு. நாப்பது வருஷமா கேக்காம வச்சிருந்த கேள்வி. தம்பி சொன்னான், அந்தப் புழுவோட குட்டி பகல்ல நுரையீரல் பக்கம் ரத்தக் குழாய்ல போய் ஒளிஞ்சுக்கும், ராத்திரிதான் வெளி ரத்தத்துக்கு வரும், ஏன்னா அதைப் பரப்புற கொசு ராத்திரிதான் கடிக்கும். அண்ணன் கொஞ்ச நேரம் பேசல. "என்னா வெவரம் பாரேன் அதுக்கு"ன்னாரு.

அப்புறம் பேச்சு நீண்டுச்சு. இந்தப் புழுவைக் கொசு உடம்புல முதல்ல பாத்ததும் ஒரு டாக்டர்தான், பேட்ரிக் மேன்சன், 1877ல, சீனாவுல அமோய்ங்கற துறைமுகத்துல, தன்னோட தோட்டக்காரருக்கே இந்த நோய் இருந்துச்சு, அவரைக் கடிச்ச கொசுவைப் பிடிச்சு அறுத்துப் பாத்திருக்காரு. அதே மேன்சன்தான் பிற்பாடு லண்டன்ல 1894ல ரொனால்ட் ராஸுக்கு மைக்ராஸ்கோப்புல மலேரியா கிருமியைக் காட்டினது. ராஸ் இந்தியாவுல பட்டாளத்து டாக்டர், கூட பேச ஒரு ஆள் கிடையாது, ஊர் ஊரா மாத்தல் வேற. கடிதம்தான். கப்பல்ல போய் கப்பல்ல வர்ற கடிதம், வருஷக்கணக்கா, இந்தக் கொசுவை அறுத்தேன் ஒண்ணும் இல்ல, அந்தக் கொசுவை அறுத்தேன் ஒண்ணும் இல்லன்னு. 1897 ஆகஸ்ட் 20 செகந்திராபாத்ல ஒரு கொசு வயித்துல கண்டுபிடிச்சாரு, 1902ல நோபல். எம்.பி.பி.எஸ். பையன் கேட்டான், அப்ப மேன்சன்தான் அவருக்கு வியாழக்கிழமையான்னு. நல்லாத்தான் கேட்டான்.

அதுக்கு நேர் எதிரா எங்க அக்கா ஒருத்தங்க (பேத்தாலஜி) சொன்ன கதை என்னால மறக்க முடியல. கல்கத்தாவுல சம்பு நாத் டே. டாக்டர், லண்டன் போய் 1949ல பிஎச்.டி. வாங்கிட்டு திரும்பி வந்தவரு, அதாவது நம்மள மாதிரி ரெட்டைச் சவாரி ஆளு. காலராவுல ஆளைக் கொல்றது கிருமியே இல்ல அது விடுற விஷம்னு முயல் குடல்ல ஒரு பகுதியை ரெண்டு பக்கமும் கட்டிக் காட்டினாரு, கிருமியை எல்லாம் வடிகட்டி எடுத்த வெறும் தண்ணியை உள்ள விட்டாலே குடல் நீர் கட்டி ஊதிடும். 1959ல நேச்சர் பத்திரிகைல வந்துச்சு. உலகமே பின்னாடி அந்த வழியிலதான் போச்சு. ஆனா இங்க அவர் 1985ல சாகற வரைக்கும் எந்த அகாடமியும் ஃபெல்லோஷிப் குடுக்கல. 1978ல ஸ்வீடன்ல நோபல் சிம்போசியத்துக்குக் கூப்பிட்டப்பதான் பல பேருக்கு இப்படி ஒரு ஆள் இருக்காருன்னே தெரிஞ்சுச்சு. அக்கா இதைச் சொல்லிட்டு பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் பத்திச் சொன்னாங்க, 1966ல பாஸ்டன்ல ஒரே ஆஸ்பத்திரில ட்ரெயினிங்ல சேந்த ரெண்டு சின்ன டாக்டருங்க, அங்க ஃப்ரெண்டானாங்க, அப்புறம் டல்லாஸ்ல ஒரே லேப், கெட்ட கொழுப்பை செல் எப்படி உள்ள இழுத்துக்குதுன்னு கண்டுபிடிச்சு 1985ல சேந்தே நோபல். ஒரே வருஷம் பாருங்க. டேவுக்கும் இவங்களுக்கும் மூளைல வித்தியாசம் இருந்துச்சுன்னு நான் நம்ப மாட்டேன்.

அண்ணன் அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. வீங்கின கால் பழையபடி ஆகாது, மாத்திரை புழுவுக்குத்தான், வீக்கத்துக்கு இல்ல. ஆனா கம்யூனிட்டி மெடிசின் பொண்ணு பாட்டிக்கு பக்கத்துல உக்காந்து தினமும் சோப்புப் போட்டு கழுவி, விரல் இடுக்கு எல்லாம் ஈரம் போக துடைச்சு, வெடிப்புக்கு மருந்து தடவி, படுக்கும்போது காலைத் தூக்கி வைக்கச் சொல்லிக் குடுத்தா. மாசம் ஒரு தடவை வர்ற நெறிகட்டிக் காய்ச்சல் இப்ப எட்டு மாசமா வரல. பாட்டி எங்களுக்கு மட்டும் சின்ன வெங்காயம் போட்ட வடகறி தனியா. அது உங்களுக்குக் கிடைக்காது, கேட்டுப் பாக்காதீங்க.

ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை கடந்துச்சு, ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை, ஊரு முழுக்க தண்ணி. எங்க பில்டிங்ல கரண்ட் போய் ஜெனரேட்டருக்குள்ள தண்ணி போயிடுச்சு. என்னோட மைனஸ் எண்பது ஃப்ரீசர்ல 312 பேரோட சீரம் (ரத்தத்துல இருந்து பிரிச்செடுத்த தெளிவான தண்ணி), மூணு வருஷம் சேத்தது. கதவைத் திறக்காம இருந்தா பல மணி நேரம் தாங்கும், ஆனா ஞாயித்துக்கிழமை மதியம் டிஸ்ப்ளேல மைனஸ் நாப்பத்தஞ்சு. நான் க்ரூப்ல ஒரு வரி போட்டேன். அந்த அறுபது பேர் க்ரூப்ல இல்ல, வியாழக்கிழமை க்ரூப்ல. இருபது நிமிஷத்துல மைக்ரோபயாலஜி அக்கா அவங்க காலேஜ்ல ரெண்டு ரேக் காலி பண்ணி ஃபோட்டோ அனுப்பிட்டாங்க, அவங்க சாரையே போன்ல எழுப்பி பர்மிஷன் வாங்கி. எப்படி எடுத்துட்டுப் போறது? ஆட்டோ வராது. கொசு தம்பி கடைக்கார அண்ணனுக்குப் போன் போட்டான். அண்ணன் காய்கறி எடுக்கற குட்டி யானையை எடுத்துட்டு வந்தாரு, முழங்கால் தண்ணில, கூட மார்க்கெட்ல இருந்து வாங்கின ரெண்டு மீன் தெர்மாகோல் பெட்டி. ஃப்ரீசர்க்குள்ளயே கெடந்த ஜெல் பேக்கை அடில வச்சு ட்யூப் ரேக்கை அடுக்கி டேப் சுத்தி, டார்ப்பாய் போட்டு மூடி, சர்ஜரி அண்ணன் பின்னாடி பெட்டி மேலயே உக்காந்துக்கிட்டாரு. நாலு கிலோமீட்டர் ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். போய் சேந்து தெர்மாமீட்டர் பாத்தா மைனஸ் இருபத்தெட்டு, ஒரு ட்யூப் கூட உருகல. ரேக் எல்லாம் வஞ்சரம் வாசனை, இப்பவும் லேசா இருக்கு, என் லேப்ல புதுசா சேந்த பொண்ணு இது என்ன ப்ராஜெக்ட்னு கேட்டா.

வாடகை கேட்டேன். டீசலுக்கு இருநூறு வாங்கிக்கிட்டாரு. அந்த வாரம் வியாழக்கிழமை கடை திறக்கல, கீழ சைக்கிள் கடைல தண்ணி வடியல, நாங்க படில உக்காந்து பன்னும் ப்ளாஸ்க் டீயும்.

குறை சொல்லாம ரிவ்யூ எழுதினா நம்ப மாட்டீங்க, நிறைய இருக்கு. ஃபேன் மூணுல ரெண்டு சத்தம் போடும், ஒண்ணு சத்தம் மட்டும்தான் போடும். பாத்ரூம் கீழ, சாவி சைக்கிள் கடைக்காரர்கிட்ட, அவர் ஒன்பது மணிக்குப் போயிடுவாரு, பொண்ணுங்க கூட வர்றவங்க இதை யோசிச்சுக்கோங்க, நாங்க ஆறு மாசம் சண்டை போட்டு இப்பத்தான் ஒரு டூப்ளிகேட் சாவி கல்லாவுல தொங்குது. ஜிபே சில நாள் வேலை செய்யாது, சில்லறை வச்சுக்கோங்க. டீல சக்கரை அவரா போடுறதுதான் அளவு. அப்புறம் கொசு. பின்னாடி சாக்கடை திறந்து கெடந்துச்சு, ராத்திரி ஒன்பதுக்கு மேல கால்ல மொய்க்கும். கொசு தம்பி ஒண்ணை அடிச்சு டிஷ்யூல வச்சு போன் டார்ச்ல பாத்து, க்யூலெக்ஸ், அழுக்குத் தண்ணில வளர்றது, யானைக்கால் பரப்புறது இதேதான்னு சொன்னான், பாட்டி இருக்கற வீட்டுலயே. அண்ணன் மறுநாளே ஸ்லாப் போட்டு மூடினாரு, பாதி. மீதி பக்கத்து வீட்டுக்காரரோட வழக்கு. அதனால ஒரு ஸ்டார் கட், மூடினா திருப்பிக் குடுக்கறேன்னு சொல்லியிருக்கேன்.

இன்னொரு குறை, இது கடையோடது இல்ல எங்களோடது. கும்பல் பெருசாகுது. போன மாசம் பதினேழு பேரு. மேஜை பத்தல, ரெண்டு கூட்டமா பிரிஞ்சு உக்காந்தோம், புதுசா வந்த ரெண்டு ஃபர்ஸ்ட் இயர் பசங்க அந்தப் பக்க மேஜைல அவங்களுக்குள்ளயே பேசிட்டு சாப்பிட்டு போயிட்டாங்க, யாரும் சொதப்பல் கேக்கல அவங்களை. அதுல ஒருத்தன் திரும்பி வரல. நான் அன்னிக்கு அந்தப் பக்கம் போய் உக்காந்திருக்கணும், போகல, என் பேப்பர் ரிஜெக்ட் ஆன கடுப்புல இருந்தேன். இப்ப ஒரு ரூல், பழைய ஆளுங்க ரெண்டு பேரு சேந்து உக்காரக் கூடாது.

வியாழக்கிழமை வர்றதா இருந்தா எட்டரைக்கு மேல எப்ப வேணா. பரோட்டா வேணும்னா ஒன்பதுக்குள்ள. இந்த ரெட்டைச் சவாரில இருக்கற ஆளா இருந்தா யாரையும் கேக்க வேண்டாம், ஜன்னல் பக்கம் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோங்க, எந்த காலேஜ், எந்த இயர்னு எல்லாம் அப்புறம். சாதாரணமா சாப்பிட வர்றவங்க வெள்ளி சனி வாங்க, சாம்பார் அன்னிக்குக் கொஞ்சம் கெட்டியா இருக்கும். அந்தப் பெரிய மேஜைல உக்காந்தீங்கன்னா இடது பக்க கால் அடில மடிச்சு வச்சிருக்கற ரோஸ் கட்டம் போட்ட பேப்பரை மட்டும் எடுத்துடாதீங்க. ஈசிஜி பேப்பர், மெஷின் டெஸ்ட் பண்ண ஓட்டினது, யார் பேரும் அதுல இல்ல. எடுத்தா மேஜை ஆடும், சுக்கு காபி கொட்டும்.